வரி கட்டியவர்களுக்காக மன்றாடுவோம்

மார்ச் 3

என் தம்பிக்கு,

நாலு நாளா போன் அடிக்கிறேன், நீ எடுக்கலை. உன் பொண்டாட்டி எடுத்து "குளிக்கிறாரு"ங்கிறா. நாலு நாளா ஒரு மனுஷன் குளிப்பானாடா? சரி, தபால்காரர் கொண்டுவந்து குடுத்தா வாங்காம இருக்க முடியாதில்ல. அதான் எழுதறேன்.

போன ஞாயிறு பூசை முடிஞ்சதும் மரக்கடைக்காரர் எங்க இல்லத்துக்கு வந்தாரு. வழக்கமா கட்டில் கட்டிலா போய் எல்லாரையும் பார்த்துட்டுதான் என்கிட்ட வருவாரு. அன்னிக்கு நேரா என் அறைக்கு வந்து உக்காந்துட்டாரு. தண்ணி குடுத்தேன், குடிக்கலை. "மதர், பெரிய வீடுகளுக்கும் பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கும் நகராட்சி புது வரி போடப் போகுதாம். அந்த அறிக்கையை எழுதுறது உங்க தம்பியாமே"ன்னாரு. நீ வீடுகளை அளந்து மதிப்புப் போடறவன்னு தெரியும். இந்த வரிக்கே நீதான் பிள்ளையார் சுழி போட்டவன்னு எனக்கு அடுத்தவங்க சொல்லித்தான் தெரியணுமா?

அவர் சொன்னதை அப்படியே எழுதறேன். "வரி வந்தா கட்டிருவேன் மதர், நான் திருடன் இல்லை. ஆனா ரெண்டு பக்கமும் குடுக்க என்னால ஆகாது. ஜூலையில இருந்து என்னோட நாலு கட்டிலுக்குப் பணம் வராது."

உனக்கு நம்ம இல்லத்தைப் பத்தித் தெரியும். பதினோரு கட்டில். எல்லாருமே படுத்த படுக்கை, பார்த்துக்க நாதியில்லாதவங்க. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு புண்ணியவான். சாயங்கால ஜெபமாலையில அவங்கவங்க தன் கட்டிலுக்குக் குடுத்தவங்களுக்காக ஒரு செபம் சொல்லுவாங்க. பணமில்லாத கட்டிலை மூடிடணும்னு எங்க பெரிய மதர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. அப்படி மூடினா அந்த நாலு பேரும் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் கிடக்கணும். அதுல ஆறாம் கட்டில் தையலம்மாவும் ஒருத்தங்க. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நாலு வருஷத்துல ஒரு குறை சொன்னதில்லைடா. எது சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே "சரி"தான். அவங்களை வராந்தாவுக்கு அனுப்ப எனக்கு மனசு வராது.

தர்மம்னா மனசார குடுக்கிறது. கழுத்துல துண்டைப் போட்டு வாங்கினா அதுல என்னடா புண்ணியம்? அந்த அறிக்கையைக் கொஞ்சம் ஆறப்போடு. அக்கா உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை.

உன் அக்கா

*

மார்ச் 12

மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கு,

தங்களது மார்ச் 3 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றேன்.

ஆபீசு பாஷையில எழுதினா கோபம் அடங்கும்னு பார்த்தேன். அடங்கலை.

நான் போன் எடுக்காததுக்குக் காரணம், போன்ல நீதான் பேசுவே. தாள்ல நான் ஒரு வாக்கியத்தையாவது முடிக்க முடியுது. அறிக்கையை ஆறப்போட முடியாது. எழுதினது நான்தான், ஆனா ஏப்ரல்ல கையைத் தூக்கப் போறது உறுப்பினர்கள். அவங்க கையை நான் பிடிச்சு வெக்க முடியுமா?

மரக்கடைக்காரருக்கு ஊருக்குள்ள ஆறு வீடு. நானே டேப் பிடிச்சு அளந்தேன். நாலு வீடு பூட்டிக் கிடக்கு. ஒண்ணுல கதவைத் தள்ளினதும் உள்ளே இருந்து புறாக்கூட்டம் பறந்து வந்து என் மூஞ்சியில மோதுச்சு. பதினாறு அறை இருக்கிற அந்த வீட்டுக்கு அவர் கட்டுற வரியும், நான் வாடகைக்கு இருக்கிற ரெண்டு அறைக்கு வீட்டுக்காரர் கட்டுற வரியும் கிட்டத்தட்ட ஒண்ணு. இது எந்த ஊர் நியாயம்?

வரிப்பணம் நேரா ஆபீசு நாற்காலிக்குப் போயிடும்னு அவர் சொல்லியிருப்பாரே. என் நாற்காலி கால் உடைஞ்சு கம்பி போட்டுக் கட்டியிருக்கேன், வந்து பார்க்கச் சொல்லு. இந்த வரி படுக்கையில கிடக்கிறவங்களுக்கு மட்டும்தான்னு தனியா எழுதி வெச்சிருக்கு. உன்கிட்ட பதினோரு பேர் இருக்காங்க. வீடு வீடா அளந்துக்கிட்டே போனதுல நான் பார்த்தது இன்னும் நூத்தி எழுபது பேர். இருட்டு அறையில, மாடிப்படிக்குக் கீழே, பொட்டலம் மாதிரி கிடக்கிறாங்க. அவங்களுக்கு ஒரு மரக்கடைக்காரர் அமையலை. அதுக்கு அவங்க என்ன செய்யணும்?

இன்னொண்ணும் சொல்லிடறேன், மனசுல வெச்சு வெச்சு அழுகிப்போச்சு. அப்பா போனதுக்கப்புறம் என் பள்ளிக்கூட பீசை அச்சக முதலாளி கட்டினாரு. மாசாமாசம் முதல் சனிக்கிழமை அவர் வீட்டு வாசல்ல நாம ரெண்டு பேரும் போய் நிக்கணும். நான் ரெண்டு கையும் கட்டிக்கிட்டு "ரொம்ப நன்றிங்க ஐயா, ரொம்ப நன்றிங்க அம்மா, உங்களுக்காக வேண்டிக்கறேன்"னு சொல்லணும். ஒரு தடவை நான் சொல்லலை. நீ பின்னாடி நின்னு என் முதுகுல கிள்ளினே. ரத்தம் கட்டிப்போச்சு. எனக்கு எட்டு வயசு. அதுக்கப்புறம் அந்த வார்த்தை வாயில வந்தாலே எனக்குப் புளிக்குது. பொண்டாட்டிகிட்டக்கூட "சரி சரி"ம்பேனே தவிர அதைச் சொல்ல மாட்டேன். அவளைக் கேட்டுப் பாரு.

மடத்துல சேர்ந்த புதுசுல லீவுக்கு வந்தப்ப நீயே என்கிட்ட சொன்னே. ஒருத்தனுக்கு நியாயமா சேர வேண்டியதைத் தர்மம்னு பேர் மாத்திக் குடுக்கக்கூடாதுன்னு திருச்சபையே சொல்லுதுன்னு. நான் மறக்கலை. நீதான் மறந்துட்டே.

இப்படிக்கு,
வரி ஆபீசுக்காரன்

*

மார்ச் 21

டேய்,

மதரா? இங்க இருக்கிறவங்களுக்குத்தான் நான் மதர். உனக்கு நான் மூக்கு சிந்தி விட்டவ. இன்னொரு தடவை "தங்கள்", "அவர்கள்"னு எழுதினா கவரைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிடுவேன்.

கிள்ளினேன். மன்னிப்பு கேக்க மாட்டேன். திங்கக்கிழமை பீஸ் கட்டணும், துரை வாயை இறுக்கி மூடிக்கிட்டு நிக்கறாரு. அம்மா காய்ச்சல்ல படுத்திருக்காங்க. எனக்கு வயசு பதினாலு. வேற என்னடா செய்வேன்?

ஆனா அதே வாசல்ல நடந்த ஒண்ணு உனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை நீ கடகடன்னு ஒப்பிச்சுக்கிட்டிருந்தே. அச்சகத்தம்மா உன்னைப் பார்க்கலை, என் காலையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. என் ஷூ ரெண்டு வருஷத்துக்கு முந்தினது, குதிகால்ல தோல் உரிஞ்சு ரத்தம் வந்துக்கிட்டிருந்தது. நான் யார்கிட்டயும் சொல்லலை, அம்மாகிட்டகூட. உன்னை வாசல்லயே இருக்கச் சொல்லிட்டு என்னை உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. அவ்வளவு பெரிய வீட்டு அம்மா தரையில முழங்கால் போட்டு என் காலைக் கழுவி மருந்து வெச்சு, தன்னோட ஷூவையே கழட்டிக் குடுத்தாங்க. பெருசாத்தான் இருந்தது. நான் மடத்துல சேர்ந்ததுக்குப் பிரசங்கம் ஒண்ணும் காரணம் இல்லைடா, அந்தம்மாதான். உன் வரி என் காலைப் பார்க்குமா? உன் விண்ணப்பத்துல குதிகாலுக்கு ஒரு கட்டம் இருக்கா? சொல்லு.

மரக்கடைக்காரரும் செக்குல கையெழுத்தைக் கிறுக்கிட்டுப் போற ஆள் இல்லை. ஞாயித்துக்கிழமை நகவெட்டியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்து பதினோரு பேருக்கும் தன் கையால நகம் வெட்டி விடறாரு. உன் ஆறு வீட்டுக் கணக்குல இதைச் சேர்த்தியா?

இங்க கோயில்லயும் ரெண்டு கட்சி ஆயிடுச்சு. பாடல் குழுவுல முன் வரிசைக்கு வரி வேண்டாம், பின் வரிசைக்கு வரி வேணும். ஒரே பாட்டை ரெண்டு வேகத்துல பாடறாங்க. போன வாரம் பங்குச்சாமியார் பிரசங்கத்துல, "ஏழைக்கு உரியது ஏழைகிட்ட போய்ச் சேரணும். சட்டமும் அதைச் செய்யட்டும், உங்க கையும் செய்யட்டும். ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைத் தட்டிக் கழிக்காதீங்க"ன்னாரு. பூசை முடிஞ்சதும் ரெண்டு கட்சியும் தனித்தனியா போய், "எங்க பக்கம் நின்னு பேசினீங்க சாமி"ன்னு கை குடுத்தாங்க. அவர் தலையில கை வெச்சுக்கிட்டாரு.

நூத்தி எழுபது பேர்னு எழுதியிருந்தியே. அதைப் படிச்சதுல இருந்து ஜெபத்துல மனசு நிக்கலை. அதுக்காக நீ ஜெயிச்சுட்டேன்னு நினைக்காதே.

உன் பொண்டாட்டிக்கு முட்டிவலி எப்படி இருக்கு?

அக்கா

*

ஏப்ரல் 10

அக்கா,

நேத்து ஓட்டெடுப்பு நடந்தது. பத்தொன்பதுக்குப் பதினாறு. வரி வந்துடுச்சு. நீ இதைப் பேப்பர்ல படிக்கிறதுக்கு முன்னாடி என் கையெழுத்துல படிக்கணும்னு இன்னிக்கே எழுதறேன்.

ஆபீசுல எல்லாரும் கை குடுத்தாங்க. சந்தோஷமாத்தான் இருந்தது, பொய் சொல்லலை. வீட்டுக்கு வந்து உன் கடுதாசியைத் திரும்பவும் எடுத்துப் படிச்சேன், பாதி சந்தோஷம் வடிஞ்சு போச்சு.

ஷூ விஷயம் எனக்குத் தெரியாது. அந்தச் சனிக்கிழமை நல்லா ஞாபகம் இருக்கு. நீ மட்டும் உள்ளே போய் நல்லதா எதையோ தின்னுட்டு வந்துட்டேன்னு நினைச்சு உன்கூட ஒரு வாரம் பேசலை. எதுக்குப் பேசலைன்னு நீயும் கேக்கலை.

குதிகாலுக்குக் கட்டம் இருக்கான்னு கேட்டே. இல்லை. விண்ணப்பம் மொத்தம் ஆறு பக்கம், எல்லாத்தையும் புரட்டிப் பார்த்தேன்.

ஆகஸ்ட்ல இருந்து பணம் குடுக்க ஆரம்பிப்பாங்க. உங்க இல்லமும் கேக்கலாம். விண்ணப்பம் கூடவே வெச்சிருக்கேன். மூணு பிரதி, கறுப்பு மை.

தம்பி

*

ஜூன் 29

தம்பிக்கு,

மரக்கடைக்காரர் சொன்ன சொல் தவறலை. இந்த மாசத்தோட நிறுத்திட்டாரு. ஆனா இன்னிக்குக் காலையிலயும் நகவெட்டியோட வந்தாரு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. வெட்டி முடிச்சு, விழுந்த நகத்தையெல்லாம் காகிதத்துல சுருட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. எனக்குக் கோபப்படவும் தெரியலை, கும்பிடவும் தெரியலை.

பெரிய மதர் கையைக் காலைப் பிடிச்சு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் தவணை வாங்கியிருக்கேன். அதுக்குள்ள உங்க பணம் வரலைன்னா நாலு கட்டிலும் போயிடும். நாங்க காப்பிக்குப் பால் ஊத்துறதை நிறுத்திட்டோம். சமையல் சிஸ்டர் கறுப்புக் காப்பியை நீட்டி, "இதுவும் தவம்தான்"னு சொல்றாங்க. அவங்க காப்பி எப்பவுமே தவம்தான்.

தையலம்மாகிட்ட மறைக்க மனசு வரலை. பக்கத்துல உக்காந்து, "அம்மா, இந்தக் கட்டில் போனாலும் போயிடும், உங்களை வேற இடத்துக்கு அனுப்ப வேண்டி வரலாம்"னு மெதுவா சொன்னேன். என் மூஞ்சியையே பார்த்து, சிரிச்சுக்கிட்டு "சரி"ன்னாங்க. நான் துணி காயப்போடற இடத்துக்குப் போய் அழுதேன். அந்தப் பொறுமை எனக்கு வருமாடா? நேர்ந்துக்கிட்டு வந்தவ நான். எனக்கு வராது.

விண்ணப்பம் அனுப்பியாச்சு. நல்லபடியா எழுதியிருக்கேன்.

அக்கா

*

ஜூலை 18

அக்கா,

விண்ணப்பம் திரும்பி வருது. பயப்படாதே, திருத்தி அனுப்பலாம்.

நீ என் அக்காங்கிறதால உன் கோப்பை நான் தொடக் கூடாது. பக்கத்து மேசைக்காரர்தான் பார்க்கிறாரு. பிறந்த நாளுக்கே சிரிக்காத மனுஷன். அவர் நேத்து உன் விண்ணப்பத்தை வெச்சுக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. "தகுதி"ங்கிற கட்டத்துல "நல்ல மனுஷி"ன்னு எழுதியிருக்கே. "வருமானம்"ங்கிற இடத்துல "கடவுள் கிருபை." "நோயின் தன்மை"ங்கிற இடத்துல தையலம்மாவோட கல்யாணக் கதை. ஓரத்துல இடம் பத்தாம பின்பக்கம் வேற தொடர்ந்திருக்கே.

எந்தக் கட்டத்துல என்ன எழுதணும்னு தனித்தாள்ல குறிச்சிருக்கேன். யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன், உனக்குன்னு தனிச்சலுகை இல்லை.

இதுக்கப்புறம் நேர்ல பார்க்க ஒரு நர்ஸ் வருவாங்க. அவங்க எழுதுறதை வெச்சுத்தான் கிடைக்கிறதும் கிடைக்காததும். அன்பளிப்பு, மாதா படம், சிலை எதையும் கையில திணிக்காதே. காப்பி மட்டும் குடு. பால் ஊத்திக் குடு.

தம்பி

*

செப்டம்பர் 6

என் தங்கத்துக்கு,

பணம் வந்துடுச்சுடா! ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி. மூணு நாள் பாக்கி இருக்கும்போது. நாலு கட்டிலும் நின்னுடுச்சு. சமையல் சிஸ்டர் சந்தோஷத்துல எல்லாருக்கும் பால் காப்பி போட்டு, சர்க்கரைக்குப் பதிலா உப்பைக் கொட்டிட்டாங்க. அதையும் குடிச்சோம்.

ஆனா நான் எழுத வந்தது அதில்லை. அந்த நர்ஸ் வந்தாங்க. சிடுமூஞ்சி. காப்பிகூட வேண்டாம்னுட்டாங்க. ஒவ்வொரு கட்டிலா நின்னு எழுதிக்கிட்டே வந்தவங்க தையலம்மா கட்டில்கிட்ட ரொம்ப நேரம் நின்னாங்க. "வலி இருக்கா?" "சரி." "தூங்கறீங்களா?" "சரி." நான் பெருமையா, "ரொம்பப் பொறுமைசாலிங்க"ன்னேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, தலைமாட்டுக்குப் பின்னாடி போய், மருந்துத் தட்டைத் தரையில போட்டாங்க பாரு ஒரு போடு! பத்து கட்டில்லயும் தூக்கிவாரிப் போட்டுச்சு. தையலம்மா மட்டும் சன்னலைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க.

காது கேக்கலைடா அவங்களுக்கு. நாலு வருஷமா. பொறுமையும் இல்லை ஒண்ணும் இல்லை. நாங்க பேசறது எதுவும் விளங்காம, வாய் அசையறதைப் பார்த்து "சரி, சரி"ன்னு சொல்லியிருக்காங்க. நாலு வருஷம் பக்கத்துல உக்காந்து ஜெபமாலை சொன்னேன். புனிதைன்னு நினைச்சேன். காதைப் பார்க்கலை. வெக்கமா இருந்தது, அவ்வளவுதான்.

காதுக்கு மிஷின் வந்து ஒரு வாரம் ஆச்சு. முதல் நாள் சாயங்காலம் நாங்க பாட ஆரம்பிச்சதும் கையைத் தூக்கி, "நிறுத்துங்க, சுருதியே சேரலை"ன்னாங்க. இப்ப நாள் முழுக்கப் புகார்தான். தலையணை மேடு, சூப்புல உப்பு இல்லை, பக்கத்துக் கட்டில் குறட்டை. கட்டிலை மூட இருந்த விஷயம் இப்பத்தான் காதுல விழுந்து, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே"ன்னு ஒரே சண்டை. சொன்னேன்மா, சொன்னேன்.

அந்த நர்ஸ் கிளம்பும்போது அவங்க தாளைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்துல ஒரு கட்டம். "அவர்கள் கேட்காமலேயே உங்கள் கண்ணில் பட்டது என்ன?" "இது எந்த விண்ணப்பத்துலயும் இல்லாத கேள்வியா இருக்கே"ன்னேன். "ஆமா, மதிப்புப் போடற பிரிவுல ஒருத்தர் மூணு கூட்டத்துல சண்டை போட்டு இதைச் சேர்க்க வெச்சாரு. எங்களுக்குத்தான் வேலை ஜாஸ்தி"ன்னு சலிச்சுக்கிட்டாங்க.

நீ எனக்கு இதை எழுதவே இல்லையேடா.

இப்ப புதுசா ஒரு பிரச்சினை. சாயங்காலம் இந்த நாலு பேரும் யாருக்காகச் செபம் சொல்றது? "யார் குடுத்தாங்க?"ன்னு தையலம்மா பிடிச்சுக்கிட்டாங்க. வரி கட்டினவங்கன்னேன். அப்ப அவங்களுக்காகச் சொல்லுவோம்னு முடிவாச்சு. ஞாயிறு பூசையிலயும் சாமியார்கிட்ட சொல்லி மன்றாட்டுல சேர்த்தோம். "வரி கட்டியவர்களுக்காகவும், முணுமுணுத்துக்கொண்டே கட்டியவர்களுக்காகவும் மன்றாடுவோம்." கோயிலே சிரிச்சது.

வாயால செபிச்சா மட்டும் போதுமா? உங்க ஆபீசுக்கு போன் பண்ணி எத்தனை பேர் கட்டினாங்கன்னு கேட்டேன். முந்நூத்திப் பன்னெண்டாம். பழைய காலண்டர் அட்டையை வெட்டி எல்லாருமா உக்காந்து முந்நூத்திப் பன்னெண்டு நன்றி அட்டை எழுதிட்டோம். கை வராதவங்க ரேகை வெச்சிருக்காங்க. மூட்டையா உன் ஆபீசுக்கு அனுப்பியிருக்கேன். வீடு வீடா சேர்த்துடு.

அக்கா

*

அக்டோபர் 2

அக்கா,

உன்னை என்ன செய்யறதுன்னு தெரியலை.

எங்க தபால் பதிவேட்டுல மூணே பத்திதான் இருக்கு. புகார், முறையீடு, தள்ளுபடி கேட்டு மனு. நன்றிக்குப் பத்தி கிடையாது, இதுவரைக்கும் அப்படி ஒண்ணு வந்ததில்லை. பதிவு எழுதுற அம்மா யோசிச்சுப் பார்த்துட்டு, முந்நூத்திப் பன்னெண்டையும் புகார்ல ஏத்திட்டாங்க. ஒரே நாள்ல முந்நூத்திப் பன்னெண்டு புகார்! ஆணையர் மாடியில இருந்து இறங்கி ஓடி வந்தாரு. மூட்டையைப் பிரிச்சுப் படிக்கச் சொன்னாரு. பக்கத்து மேசைக்காரர்தான் படிச்சாரு. "எங்கள் கட்டில் நிற்கிறது. நீங்கள் யாரென்று தெரியாது. நன்றாக இருங்கள்." நாலாவது அட்டையோட நிறுத்திட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

யார் எவ்வளவு கட்டினாங்கன்னு வெளியில சொல்லக் கூடாது. அதனால ரசீது அனுப்பும்போது ஒவ்வொரு உறைக்குள்ளயும் ஒரு அட்டையைப் போட்டு ஒட்டிட்டோம். எதுல எது போச்சுன்னு எங்களுக்கே தெரியாது.

நேத்து மரக்கடைக்காரர் ஆபீசுக்கு வந்தாரு. வரி ஜாஸ்தின்னு முறையீடு குடுக்க. நான் எழுந்து நின்னேன். திட்டுவாருன்னு நினைச்சேன். மனுவைக் குடுத்துட்டு, சட்டைப் பையில இருந்து அட்டையை எடுத்தாரு. "இது எந்தக் கட்டில்ல இருந்து வந்தது தம்பி?"

"தெரியாதுங்க. கலந்துதான் போட்டோம்."

"என் பணம் எந்தக் கட்டிலுக்குப் போச்சு? அதாவது தெரியுமா?"

"அதுவும் தெரியாதுங்க. முந்நூத்திப் பன்னெண்டு பேர் பணமும் ஒண்ணாப் போச்சு. நம்ம ஊர்ல நாப்பத்தொரு கட்டில் இப்ப இதுல நடக்குது."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே நின்னாரு. அப்புறம், "பதினோரு வருஷமா எனக்கு நேருக்கு நேரா நன்றி சொல்றாங்க தம்பி. மனசுல இருந்து சொல்றாங்களா, சொல்லணுமேன்னு சொல்றாங்களான்னு எனக்குத் தெரிஞ்சதே இல்லை. இவங்க யாருன்னே தெரியாதவனுக்கு எழுதியிருக்காங்க"ன்னாரு.

அந்த வாசல்ல கையைக் கட்டிக்கிட்டு நின்னவன் பக்கத்துல இருந்துதான் நான் இத்தனை வருஷமும் பார்த்தேன். உள்ளே இருந்து பார்க்கிறவருக்கு என்ன இருக்கும்னு யோசிச்சதில்லை.

முறையீட்டை வாபஸ் வாங்கலை. அதை மேசையிலயே விட்டுட்டு, அட்டையை மறுபடியும் பையில வெச்சுக்கிட்டுத்தான் போனாரு.

தம்பி

*

அக்டோபர் 14

தம்பி,

ஞாயிறு நடந்ததைக் கேளு.

மரக்கடைக்காரர் வழக்கம்போல வந்தாரு. ஆறாம் கட்டிலுக்கு வந்து தையலம்மா விரலைப் பிடிச்சதும் அந்தம்மா வெடுக்குனு கையை இழுத்துக்கிட்டாங்க. "ஐயா, தப்பா நினைக்காதீங்க. நீங்க நகத்தை ஒட்ட வெட்டறீங்க. நாலு வருஷமா வலிக்குது"ன்னாங்க.

மத்த கட்டில்ல இருந்த ரெண்டு மூணு பேர், "ஆமாங்க, எங்களுக்கும்"னு மெதுவா சொன்னாங்க. அவர் முகம் செத்துப் போச்சு. "ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?"ன்னாரு.

"கட்டில் உங்களுதா இருந்துச்சே ஐயா, எப்படிச் சொல்றது?"ன்னாங்க. கோபமா சொல்லலைடா. சாதாரணமா, மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி.

எழுந்து போயிடுவாருன்னு நினைச்சேன். போகலை. ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டு, "எவ்வளவு விடணும், காட்டுங்க"ன்னாரு. ஒவ்வொரு விரலுக்கும், "வலிக்குதா? வலிக்குதா?"ன்னு கேட்டுக் கேட்டு வெட்டினாரு. பதினோரு பேர் முடிய மதியம் ஆயிடுச்சு. போகும்போது என்கிட்ட, "மதர், இன்னிக்குத்தான் இங்க வந்த மாதிரி இருக்கு. அந்தம்மாவுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. அடுத்த வாரமும் வருவாராம். வரிதான் அநியாயமாம், அதையும் சொல்லிட்டுத்தான் போனாரு.

அன்னிக்குப் பூரா எனக்கு உன் ஞாபகம்தான். அந்த அச்சகத்தம்மா என் காலைப் பார்த்தாங்க, நான் கடைசி வரைக்கும் அவங்களுக்குக் கடமைப்பட்டவ. அதுல மாத்தம் இல்லை. ஆனா பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்ன உன்னை அவங்களும் பார்க்கலை, நானும் பார்க்கலை. "நன்றி சொல்லு, நன்றி சொல்லு"ன்னு முதுகுல கிள்ளினேனே தவிர, உனக்கு எப்படிடா இருக்குன்னு ஒரு சனிக்கிழமைகூட நான் கேக்கலை. மன்னிப்பு கேக்க மாட்டேன்னு மார்ச்சுல எழுதினேன். இப்ப கேக்கறேன். அதோட, அன்னிக்குக் கேக்காம விட்டதையும் கேக்கறேன். உனக்கு எப்படி இருந்துச்சு?

அக்கா

*

அக்டோபர் 20

அக்கா,

கேவலமா இருந்துச்சு. எட்டு வயசுலயே செத்துடலாம் போல இருந்துச்சு. இதை எழுதி முடிச்சதும் நெஞ்சுல இருந்து ஒரு கல்லை இறக்கி வெச்ச மாதிரி இருக்கு.

ஆனா அந்தப் பள்ளிக்கூடம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதை நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லை, நன்றி சொன்ன மாதிரி ஆயிடுமோன்னு. கணக்கு வாத்தியார் எங்களை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் கயித்தால அளக்கச் சொல்லிக் குடுப்பாரு. இன்னிக்கும் ஒரு வீட்டு முன்னாடி டேப்பைப் பிரிச்சா எனக்கு ஒரு சந்தோஷம் வரும், அது அங்க கத்துக்கிட்டது. அதுக்காகத்தான் நீ எட்டாவதோட நின்னே. என்னைக் கூட்டிட்டுப் போய் அந்த வாசல்ல நின்னே. கிழிஞ்ச குதிகாலோட நின்னே. அச்சகத்தம்மா இப்ப உயிரோட இல்லை, இருந்திருந்தா போய்ப் பார்த்திருப்பேன். நீ இருக்கே.

இந்த ஞாயிறு பத்தரை பஸ்சுல நானும் என் பொண்டாட்டியும் வர்றோம்.

அக்கா, ரொம்ப நன்றி. எனக்குப் பின்னாடி யாரும் நிக்கலை, நானாத்தான் சொல்றேன்.

தம்பி